பனிக்குள் கேட்ட ஓம்

விமானம் ஓடுபாதையை நோக்கி ஊரும்போது மூடுபனியில் வழி தெரியாவிட்டால் நின்றுவிட வேண்டும். அனுமதி கேட்டு, முழு வாக்கியத்தில் மறுமொழி வந்த பின்பே நகர வேண்டும். ஓய்வு பெறும்வரை பலாலி விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து இதை விமானிகளுக்கு ஓதியவன் நான்.

இப்போது, தைப்பொங்கலன்று, நயினாதீவிலிருந்து திரும்பும் லோஞ்சில், அதாவது பயணிகள் விசைப்படகில், இருக்கிறேன். உட்கார இடமில்லாத அளவு சனம். தைப்பனியில் குறிகட்டுவான் இறங்குதுறை தெரியவில்லை. ஓட்டி வேகத்தைக் குறைத்து, "வரட்டோ?" என்று கத்துகிறார்.

"ஓம்!" என்று பனிக்குள்ளிருந்து ஒரு குரல். எங்கள் பேச்சில் 'ஓம்' என்றால் 'ஆம்'. அவர் லோஞ்சை முன்னே விடுகிறார்.

"தம்பி, நிப்பாட்டும்! ஆர் ஓம் எண்டது?" என்கிறேன் நான்.

"துறையிலை நிக்கிறவன்தான் ஐயா. வேறை ஆர்?"

"அப்ப முழுசாச் சொல்லச் சொல்லும்."

முணுமுணுத்தபடி நிறுத்துகிறார். அதே குரல் மிக அருகில், "ஓம் சக்தி! தாயே, கரை சேர்த்துவிடு!" என்கிறது. கோயிலுக்குப் போகும் அடியார்கள் நிறைந்த லோஞ்ச் ஒன்று எங்களை உரசாத குறையாகக் கடந்து போகிறது.

"அம்மாளுக்குச் சொன்ன ஓமை நான் எடுத்திட்டன், ஐயா" என்று ஓட்டி சிரிக்கிறார். அப்போதுதான் நானும் மூச்சு விடுகிறேன்.

பனி விலகி, துறையில் நிற்பவரின் மீசைகூடத் தெரிகிற நேரத்தில் எங்களுக்கான மறுமொழி வந்து சேர்கிறது: "ஓம், இனி வாரும்!" கோபுரத்துப் பதிவேட்டில் எழுதுவதானால்: கேட்ட நாள், தைப்பொங்கல்; கிடைத்த நாள், மறுநாள் பட்டிப்பொங்கல்.