பசுமைத் தலைவர் குடிக்காமல் வைத்த கஹ்வா

வேட்டைக்காரர்களும் சுற்றுச்சூழல் பேசும் அரசியல்வாதிகளும் ஒத்துப்போக முடியுமா என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். முடியுமாவாவது! ஒரே கம்பளத்தில் சம்மணம் போட்டு, ஒரே தாம்பாளத்தில் ஆட்டுக்கறியும் சோறும் பிசைந்து, ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டதை இந்தக் கண்ணால் பார்த்தவன் நான். பார்த்தவன் மட்டுமா, நடுவில் உட்கார்ந்து அரபியைத் தமிழாகவும் தமிழை அரபியாகவும் மாற்றி மாற்றிச் சொல்லித் தொண்டை வறண்டவனும் நானேதான்.

துபாய் தேராவில் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் எனக்கு வேலை. விசாவில் என்னவோ ஒரு பதவி போட்டிருக்கும். நடப்பில், யாரும் செய்யாத வேலையெல்லாம் என்னுடையது. முதலாளி இந்த ஊர்க்காரர். அர்பாப் என்போம். கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். சம்பளம் ஒருநாள் தள்ளிப்போனதில்லை. யாராவது ஆஸ்பத்திரியில் கிடந்தால் நேரில் வந்து பார்ப்பார். ஆனால் குளிர்காலம் வந்துவிட்டால் மனிதர் வேறு ஆள். ராஜாளிப் பைத்தியம்.

இங்கே நினைத்த இடத்தில் வேட்டையாட முடியாது, சட்டம் கடுமை. அதனால் ராஜாளிகளை விமானத்தில் ஏற்றிக்கொண்டு வெளிநாட்டுப் பாலைவனங்களுக்குப் போவார். அங்கே ஹுபாரா என்று ஒரு பறவை இருக்கிறது. நம்மூர்க் கானமயிலுக்குச் சித்தப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் ராஜாளியை ஏவிவிட்டுப் பின்னாலேயே ஜீப்பில் விரட்டுவதுதான் ஆட்டம். ராஜாளிகளுக்குத் தனித்தனியாகப் பாஸ்போர்ட் உண்டு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமான பாஸ்போர்ட். சிறகு ஒடிந்தால் போக ஆஸ்பத்திரியும் உண்டு. போன உடனே டாக்டர் பார்ப்பார்.

இந்த மகாராஜாக்களுக்குச் சேவகம் செய்ய, ஷார்ஜா தாண்டியிருக்கும் அர்பாபின் தோட்டத்தில் ஒருவன் இருந்தான். புதுக்கோட்டைப் பக்கத்து ஆள், முப்பது தாண்டியவன். தோட்ட வேலைக்கு என்று வந்தவனை, கை பதமாக இருக்கிறது என்று பறவைகள் பக்கம் நகர்த்திவிட்டார்கள். அதுவே அவனுக்கு வினையாகப் போயிற்று. அர்பாபின் செல்ல ராஜாளி அவன் கையில் கொடுத்தால்தான் இறைச்சியைத் தொடும். வேறு யாராவது நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மாமியார் தோற்றாள்!

ஊரில் அவன் மனைவிக்கு மாதக்கணக்காக உதிரப்போக்கு. கர்ப்பப்பையை எடுத்தாக வேண்டும், தள்ளிப்போடாதே என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இரண்டு பிள்ளைகள், பார்த்துக்கொள்ள ஆளில்லை. அவர் வரட்டும், வந்ததும் படுத்துக்கொள்கிறேன் என்று அவள் தள்ளிக்கொண்டே இருந்தாள். இவன் இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அர்பாபிடம் நான் எத்தனையோ தடவை லீவு கேட்டுப் பார்த்துவிட்டேன். “ஸீஸன் முடியட்டும்” என்பார். ஸீஸன் முடிந்தால் பறவைக்கு இறகு உதிரும் காலம், அப்போதும் இவன் வேண்டும். இறகு முளைத்தால் மறுபடி ஸீஸன். அந்தப் பெண்ணோ அங்கே இரத்தமெல்லாம் வற்றிக் கிடந்தாள். ஒரு பறவை பட்டினி கிடக்கும் என்பதற்காக!

இந்த லட்சணத்தில்தான் பசுமைத் தலைவர் வந்து இறங்கினார். நம் ஊர்க்காரர். முன்னாள் எம்.எல்.ஏ., அவர் கணக்கில் வருங்கால மந்திரி. ஏரியைக் காப்பாற்றுகிறேன் என்று கரையில் படுத்துக்கிடந்து பேர் வாங்கியவர். கானமயிலைப் பற்றி மேடையில் பேசும்போது குரல் தழுதழுக்கும், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இங்கே தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் சுற்றுச்சூழல் கூட்டம் என்று அழைத்திருந்தார்கள். வந்த இடத்தில் ஒரு வேட்டைக்காரரையும் சந்தித்துக் கைகுலுக்கினால் பேப்பரில் வரும் என்று யாரோ ஓதிவிட்டார்கள். அர்பாபைக் கேட்டேன். விருந்தாளி யாராக இருந்தால் என்ன, வரட்டும் என்றார்.

தோட்டத்துக்குப் போக அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டேன். பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீரைக் கையால் தொடமாட்டேன் என்றார். அடடா, கொள்கை என்றால் இதுவல்லவா என்று நினைத்தேன். வழியில் டீ குடிக்க இறங்கியபோது, திரும்பி வரும்வரை ஏஸி ஓடிக்கொண்டே இருக்கட்டும், இன்ஜினை அணைத்துவிடாதீர்கள் என்றும் அவரே சொன்னார். கொள்கைக்கும் வியர்க்கும் போலிருக்கிறது.

மறுபடி வண்டி கிளம்பியதும் புதுக்கோட்டைக்காரன் கதையைச் சொன்னேன்.

“ஐயா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா அர்பாப் கேட்பார். விருந்தாளி பேச்சுக்கு இங்க மரியாதை ஜாஸ்தி. ஒரே ஒரு மாச லீவுதான்யா.”

“கண்டிப்பா சொல்றேன் தம்பி. தொழிலாளியும் ஒரு சுற்றுச்சூழல்தானே?” என்றார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் அப்போது நம்பினேன். ஐயா பேசுவார் என்று போனில் அவனிடமும் சொல்லிவிட்டேன். நாங்கள் போய் இறங்கியபோது துவைத்து மடித்துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, கையில் ராஜாளியோடு வாசலிலேயே நின்றான். எங்களைப் பார்த்ததும் அவன் முகத்தில் வந்த சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு ஒருமாதிரியாக இருக்கிறது.

மஜ்லிஸில், அதுதான் விருந்தாளிகளை உட்கார வைக்கும் கூடத்தில், அர்பாபின் சிநேகிதர்கள் நாலைந்து பேர் சுவரோரமாகச் சாய்ந்திருந்தார்கள். போனதும் பேரீச்சம்பழமும் கஹ்வாவும் வந்தன. கஹ்வா என்பது பாலும் சர்க்கரையும் கிட்டே வராத ஏலக்காய்க் காப்பி. சின்னக் கிண்ணியில் ஒரு மடக்குத்தான் இருக்கும். போதும் என்றால் கிண்ணியை லேசாக ஆட்டிக் காட்டவேண்டும். ஆட்டாவிட்டால் ஊற்றுகிறவர் ஊற்றிக்கொண்டே இருப்பார், அவர் உத்தியோகம் அது. இதைத் தலைவரிடம் சொல்ல வாயெடுப்பதற்குள் அர்பாப் என்னிடம் ஏதோ கேட்டுவிட்டார். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் தலைவர் பாவம், கஷாயம் குடிக்கிற பிள்ளை மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்து நீட்ட, ஊற்ற, குடித்து நீட்ட, ஊற்ற, நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

“போதும்னு சொல்லுங்க தம்பி, நெஞ்சு படபடங்குது” என்றார். ஆட்டச் சொன்னேன். ஒரு வழியாகத் தப்பித்தார்.

சாப்பாட்டில்தான் பேச்சு சூடுபிடித்தது. அர்பாப் சொன்னார்: “எங்களைப்போல அந்தப் பறவையை நேசிக்கிறவர்கள் யார்? பண்ணையில் வளர்க்கிறோம், பெருக்குகிறோம், பாலைவனத்தில் கொண்டுபோய் விடுகிறோம்.”

“விட்ட பிறகு?” என்று தலைவர் கேட்டார். பரவாயில்லையே, கேட்டுவிட்டாரே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“பிடிக்கிறோம்” என்றார் அர்பாப்.

“சுழற்சி! இதைத்தானே நானும் மேடைக்கு மேடை கத்துறேன்! அப்படியே சொல்லுங்க தம்பி” என்றார் தலைவர். அப்படியே சொன்னேன். சிநேகிதர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள்.

அப்புறம், இயற்கையைக் கெடுப்பது யார் என்று ஒரு கேள்வி வந்தது. அடேயப்பா, என்ன ஒற்றுமை! ஜீப்பில் விரட்டுகிறவர்களும் இல்லையாம், ஏரியில் பட்டா போடுகிறவர்களும் இல்லையாம். தொழிலாளர் கேம்பில் இருக்கும் வேலைக்காரர்கள் கண்ணி வைத்துப் புறா பிடிக்கிறார்கள் என்றார் அர்பாப். எங்கள் ஊரிலும் கிராமத்துச் சனங்கள் வலை போட்டுக் கொக்கு பிடிக்கிறார்கள், விழிப்புணர்வு இல்லை என்றார் தலைவர். இருவரும் ஒரே நேரத்தில் உச்சுக்கொட்டினார்கள். அதை மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கண்ணியே வைத்தறியாத புதுக்கோட்டைக்காரன் வாசலில் ராஜாளியைச் சுமந்துகொண்டு இரண்டு மொழியிலும் கேட்டுக்கொண்டு நின்றான். இத்தனை வருஷத்தில் அவனுக்கு அரபி நன்றாகவே தெரியும்.

சாப்பாடு முடிந்து கை கழுவி உட்கார்ந்தோம். லீவு பேச்சைத் தலைவர் எடுக்கவே இல்லை. நான் அவர் முழங்காலைத் தொட்டேன். “இருங்க, இருங்க” என்றார். மறுபடி கஹ்வா வந்தது. தலைவருக்கு முதல் தடவை பட்டதே போதும். வாங்காமல் இருந்தால் மரியாதை இல்லை, குடித்தால் உயிர் போய்விடும். பார்த்தார், வாங்கி, வாயருகே கொண்டுபோகாமல் கம்பளத்தில் தனக்கு முன்னால் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

அர்பாப் சாய்ந்திருந்தவர் நேராக உட்கார்ந்தார். ஊற்றுகிறவர் கெண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். எனக்குச் சட்டென்று புரிந்தது. பாலைவனத்து மக்களின் பழைய வழக்கம் இது. வந்த விருந்தாளி கஹ்வாவைக் குடிக்காமல் தன் முன்னால் வைத்தால், எனக்கு ஒன்று வேண்டும், தருவதாகச் சொன்னால்தான் குடிப்பேன் என்று அர்த்தம். இல்லை என்று சொல்லி விருந்தாளியைக் குடிக்காமல் அனுப்பினால் அந்த வீட்டுக்கு அதைவிட அவமானம் கிடையாது. அதுவும் சிநேகிதர்கள் முன்னால்.

“உங்கள் கஹ்வாவைக் குடியுங்கள். கேட்க வந்தது எதுவோ, அது உங்களுடையது” என்றார் அர்பாப், நெஞ்சில் கைவைத்து.

தலைவர் காதில் சொன்னேன். “ஐயா, காப்பியக் கீழ வச்சா ஏதோ கேக்கிறீங்கன்னு அர்த்தம். எது கேட்டாலும் மறுக்க மாட்டார். கேளுங்கய்யா!” வாசல் பக்கம் கண்ணைக் காட்டினேன்.

தலைவர் முகம் மலர்ந்தது. வாசலைப் பார்த்தார். நான் காட்டிய ஆளைப் பார்க்கவில்லை, அவன் கையில் இருந்ததைப் பார்த்தார்.

“அந்தப் பறவைய என் கையில வச்சு, அவரும் பக்கத்துல நின்னு, ஒரு போட்டோ. வெளிச்சம் போறதுக்குள்ள.”

வேட்டையை நிறுத்து என்று கேட்டிருக்கலாம். ஒரு ஹுபாராவையாவது விட்டுவை என்று கேட்டிருக்கலாம். போட்டோவாம்! இங்கே டூரிஸ்ட் பஸ்ஸில் வருகிறவனுக்கெல்லாம் கேட்காமலே அது கிடைக்கிறது.

“ஐயா, அந்த லீவு…” என்றேன்.

“அட, சபையில போய் அதக் கேக்கவா? அதுக்கு ஊர்ல இருந்து ஒரு லெட்டர் போட்டுக்கலாம். நீங்க போட்டோவச் சொல்லுங்க.”

வாசலில் நின்றவனுக்கு அதுவும் கேட்டது. தலையைக் குனிந்துகொண்டான். எனக்குள் என்னவோ அறுந்துபோயிற்று. போய்யா நீயும் உன் போட்டோவும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு அர்பாப் பக்கம் திரும்பி, சுத்தமான அரபியில் சொன்னேன்: “வாசலில் நிற்கிறவனின் மனைவி நோயில் கிடக்கிறாள். அவனை ஊருக்கு அனுப்பிவையுங்கள் என்று விருந்தாளி கேட்கிறார்.”

வாசலில் ராஜாளி படபடவென்று சிறகடித்தது.

அர்பாப் வாசலில் நின்ற ராஜாளியையே பார்த்தார். ஸீஸன் நடுவில் அவருடைய வலது கையைக் கேட்டாற்போல இருந்திருக்கும். சிநேகிதர்கள் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். “இவன் அவருக்கு உறவா?” என்று அர்பாப் கேட்டார்.

“என்ன கேக்கிறாரு?” என்றார் தலைவர்.

“ஏழை எளியதுகள் உங்களுக்கு எப்படின்னு கேக்கிறார்” என்றேன்.

“என் சொந்தப் பிள்ளை மாதிரின்னு சொல்லுங்க!” என்றார், மேடைக் குரலில். சொன்னேன்.

“கலாஸ், முடிந்தது. நாளைக்கே டிக்கெட் போடு” என்றார் அர்பாப்.

“ஒத்துக்கிட்டாரா?”

“ஒத்துக்கிட்டார்யா. குடிங்க.” கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தார். இந்தத் தடவை மறக்காமல் கிண்ணியை ஆட்டினார்.

போட்டோவும் எடுத்தார்கள், எடுக்காமல் விடுவார்களா? புதுக்கோட்டைக்காரன்தான் தலைவர் கையில் தோலுறையை மாட்டி ராஜாளியை ஏற்றிவைத்தான். வேட்டைக்காரரும் பசுமைத் தலைவரும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்கள். அவன் ஒதுங்கி வந்து என் பக்கத்தில் நின்றான். என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டான்.

அவன் ஊருக்குப் போனபிறகுதான் வேடிக்கை. தன் வீட்டுக்கு வந்து தனக்கென்று எதுவும் கேட்காமல் ஒரு வேலைக்காரனுக்காகக் கேட்ட மனிதர் என்று அர்பாப் போகிற இடமெல்லாம் சொல்ல, அது சங்கத்துக்காரர்கள் காதுக்குப் போய், அங்கிருந்து ஊருக்கும் போய்விட்டது. தலைவர் எனக்குப் போன் செய்தார். கையும் களவுமாகப் பிடிபட்டேன் என்று நினைத்தேன். “பாத்தீங்களா தம்பி, நான் அன்னைக்குச் சபையில எடுத்துச் சொன்னதுக்குப் பலன் கிடைச்சிருச்சு. தொழிலாளியும் ஒரு சுற்றுச்சூழல்தானே?” என்றார். நிஜமாகவே நம்பிவிட்டார். ஆமாங்கய்யா என்றேன்.

அடுத்த வாரம் அவனே கூப்பிட்டான். ஆபரேஷன் முடிந்துவிட்டது என்றான். “இன்னொரு மாசம் விட்டிருந்தா இவ கையில கெடச்சிருக்க மாட்டான்னு டாக்டரம்மா என்னைய வஞ்சிட்டாகண்ணே” என்றான்.

“கண்ணு முழிச்சதும் என்னையத் தொட்டுப் பாத்தா. நெசமாவே வந்துட்டியளான்னு கேட்டாண்ணே.”

“சரி சரி, நல்லாப் பாத்துக்க” என்றேன்.

“அண்ணே, தலைவரோட ஆளுக கேமராவோட வாசல்ல நிக்கிறாக. அவளோட போட்டோ எடுக்கணுமாம். தூங்குறா, எழுப்பக் கூடாதுன்னு சொல்லிட்டேன்.”

“தூங்குறாளா?”

“இல்லண்ணே. மகளப் பக்கத்துல உக்கார வச்சுத் தல சீவிவிடுறா.”