பதினெட்டு நாள் குளிக்காத மார்கழி

எங்கள் வீட்டில் குளிக்காதவர்களுக்குக் காபி கிடையாது. ஸ்ரீவராகத்தில் பிறந்து, அதே தெருவில் நாலு வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டவள் நான். காலையில் ஒரு குளியல், சாயங்காலம் ஒரு குளியல், கோயிலுக்குப் போவதென்றால் நடுவில் இன்னொன்று. திருவனந்தபுரத்தில் மழையும் பெய்யும், கிணறும் ஊறும், போதாததற்குக் குழாயிலும் வரும். தண்ணீரை ஒரு பொருளாகவே நாங்கள் நினைத்ததில்லை.

இப்போது எதிர்வீட்டு மாடித்தொட்டி நிரம்பி வழிந்தால் நான் போடுகிற கூச்சலில் தெருவே எட்டிப் பார்க்கிறது. அந்த வீட்டுப் பெண் போன வாரம் மோட்டாரை நிறுத்திவிட்டு, "மாமிக்கு எந்து பற்றி?" என்று கேட்டாள். எனக்கு என்ன ஆயிற்று என்று அவளுக்கு மட்டுமல்ல, என் கணவருக்கே தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்.

சில வருஷங்களுக்கு முன் எனக்குப் பதவி உயர்வு கொடுத்து, ராஜஸ்தானில் எல்லையோரத்து மணல் கிராமம் ஒன்றின் வங்கிக் கிளைக்கு அனுப்பினார்கள். இரண்டு வருஷம். உயர்வை நானே கேட்டு வாங்கியதால் யாரையும் திட்ட வழியில்லை. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் ரயில் ஏறினேன். பிள்ளையார் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

கிராமத்துக்குள் நுழையும் முன்பே வம்பு ஆரம்பித்துவிட்டது. எல்லைப் பகுதி என்பதால் வழியில் ஒரு சோதனைச் சாவடி. காவலர் ஒருவர் என் பெட்டியைத் திறந்து புடவைகளுக்கு நடுவிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். இரண்டு கிலோ வெள்ளைப் பொடி. எல்லையில் வெள்ளைப் பொடியோடு பிடிபடுகிறவர்களை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது; அவருக்குத் தெரிந்திருந்தது. நாலு பேர் கூடிவிட்டார்கள். என் பள்ளிக்கூடத்து இந்தியில் விளக்கப் போனால் ராத்திரி அங்கேயேதான் என்று புரிந்ததும், பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு சாவடி வாசலில் குனிந்து, ஏழு புள்ளியில் ஒரு சிக்குக் கோலம் போட்டுக் காட்டினேன். கடைசி இழை வந்து சேர்ந்ததும் ஒருவர் கைதட்டினார். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. ஒரு நாய் வந்து பொடியை முகர்ந்து பார்த்துச் சலித்துக்கொண்ட பிறகே என்னைப் போகவிட்டார். அந்த நாய் கோலத்தை மிதித்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

எனக்கு அறை கொடுத்தவள் என் வயதுக்காரி. கணவன் இல்லை. ஒரே மகள், மகர சங்கராந்தி பிறந்ததும் கல்யாணம். கணவனின் அண்ணனும் அந்த வீட்டிலேயே இருந்தார். அவர்கள் பேசியது அந்த மணல்நாட்டு மொழி. ஆனால் என் ஞாபகத்தில் எல்லாரும் எங்கள் தெருத் தமிழில்தான் பேசுகிறார்கள். அப்படியே எழுதிவிடுகிறேன்.

முற்றத்தின் ஓரத்தில் தரைக்கடியில் ஒரு தொட்டி இருந்தது. எப்போதாவது பெய்கிற மழையைச் சரிவான தரை வழியாக வடித்து அதில் சேர்த்து வைப்பார்கள். அடுத்த மழைவரைக்கும் அதுதான். முதல் நாள் காலையில் வீட்டுக்காரி அதிலிருந்து இரண்டு குடம் மொண்டு என் அறை வாசலில் வைத்தாள். ஒரு நாளைக்கு அவ்வளவுதான்; குடிக்க, சமைக்க, துவைக்க எல்லாம் அதற்குள். குளிக்க என்று இழுத்தேன். வாரத்துக்கு இரண்டு தரம் போதாதா, குளிர்காலம் வருகிறதே, யார் அழுக்காகப் போகிறார்கள் என்றாள். பிறகு என் முகம் போன போக்கைப் பார்த்துக் காரணத்தையும் சொன்னாள்.

"மாப்பிள்ளையாத்துலேர்ந்து எரநூறு பேர் வரா. சாப்பாட்டுல உப்பு கொறஞ்சா மறந்துடுவா. தண்ணி கொறஞ்சா, எம் பொண்ணு ஆயுசுக்கும் அந்த ஆத்துல அதைக் கேட்டுண்டே இருக்கணும்."

அந்தத் தொட்டிக்கு ஒரு தகர மூடி உண்டு, பூட்டு கிடையாது. ஏன் என்று கேட்டபோது அவள் மைத்துனரைக் கண்ணால் காட்டினாள்.

அவர் நாற்பது வருஷம் எல்லைக் காவலர்களுக்குத் தடம் பார்த்துக் கொடுத்தவர். வேலியோரத்து மணலைத் தினமும் தலைவாரின மாதிரி வாரி வைப்பார்களாம். மறுநாள் காலையில் இவர் போய்ப் பார்த்து, போனது ஆளா ஆடா, ஆளென்றால் ஆணா பெண்ணா, கையில் சுமை இருந்ததா, போகும்போது இருந்ததா வரும்போது இருந்ததா என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகும் கண் ஓயவில்லை. எங்கள் தெருவில் ஆண்கள் காலையில் பேப்பர் படிக்கிற மாதிரி, டீ டம்ளரோடு முற்றத்து மணலைப் படித்துக்கொண்டு ஒரு சுற்று வருவார்.

இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். இருந்த இரண்டு குடத்தில் மிச்சம் பிடித்துச் சாயங்காலம் மட்டும் குளித்தேன். அப்புறம் மார்கழி பிறந்தது. முதல் நாள் விடியற்காலையில் கணவர் வீடியோவில் கூப்பிட்டார். நெற்றியில் திருநீறு, பின்னால் மாமியார்.

"மார்கழியாக்கும். குளிச்சாச்சோ?"

இல்லை என்றேன். மனிதர் ஃபோனைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு தூரத்திலிருந்தும் என் தீட்டு தெறிக்கும் என்று பயம் போலிருக்கிறது.

மறுநாள் விடியற்காலை எழுந்து, தொட்டி மூடியைத் திறந்து, ஒரு குடம் மொண்டேன். ஒரே ஒரு குடம். இத்தனை பெரிய தொட்டியில் இது ஒண்ணும் சாரமில்லை, குறைந்தா போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பல் கிட்டுகிற குளிரில் அதைத் தலையில் விட்டுக்கொண்டபோது வந்த அலறலை, துண்டைக் கடித்து அடக்கினேன். அந்த ஆனந்தம் இருக்கிறதே, திருட்டுத் தண்ணீரில் குளித்தவர்களுக்குத்தான் தெரியும்.

விடிந்ததும் அவர் டீயோடு சுற்றி வந்தார். தொட்டிப் பக்கம் நின்றார். மணலைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், டீயைக் குடித்தார். 

எனக்குப் புரிந்துவிட்டது. அடுத்த நாள் வாசலில் கிடந்த அவருடைய செருப்பையே மாட்டிக்கொண்டு போனேன். காலையில் அவர் வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டுத் தம்பி மனைவியிடம் கவலையோடு சொன்னார்.

"எனக்கு என்னமோ ஆயிடுத்து. நான் தூக்கத்துல நடந்திருக்கேன். அதுவும் பொம்மனாட்டி மாதிரி நடந்திருக்கேன்."

மூன்றாம் நாள் துடைப்பத்தால் தடத்தைப் பெருக்கிக்கொண்டே பின்னால் நடந்து வந்தேன். அன்றைக்கு அவர் வியந்து போனார். காக்கை நடந்திருக்கிறது, ஆடு நடந்திருக்கிறது, உங்கள் அறைக்கும் தொட்டிக்கும் நடுவில் மட்டும் ஒரு பூச்சிகூட நடக்கவில்லையே, இது என்ன மாயம் என்று என்னையே கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

நாலாம் நாள்தான் கோலப்பொடி ஞாபகம் வந்தது. என் வாசலிலிருந்து தொட்டி மூடிவரைக்கும், வந்த காலடி போன காலடி எல்லாவற்றையும் மூடி, நீளமாக ஒரு நடைக்கோலம். மார்கழியில் எங்கள் ஊர் வழக்கம் என்று சொன்னேன். அது பொய்யும் இல்லை. வீட்டுக்காரியும் மகளும் அதைச் சுற்றிச் சுற்றி வந்து ரசித்தார்கள். அவரும் ஒரு சுற்று வந்தார்.

"பேஷா இருக்கு," என்றார். "அடியில என்ன இருக்கோ."

அதற்குப் பிறகு தினமும் ஒரு குடம், தினமும் ஒரு கோலம். எனக்குக் கூச்சமே விட்டுப்போயிற்று. நாற்பது வருஷம் எல்லையைக் காத்தவரை ஸ்ரீவராகத்துக்காரி ஒருத்தி ஏய்த்துவிட்டாள் என்று கொஞ்சம் தலைக்கனம்கூட ஏறியது.

பத்தாம் நாள் காலையில் வீட்டுக்காரி தொட்டியைத் திறந்து, கல் கட்டிய முடிச்சுக் கயிறு ஒன்றை உள்ளே விட்டாள். மாதத்துக்கு ஒருமுறை அளப்பாளாம். கயிற்றை இழுத்து, நனைந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இருக்கவேண்டியதற்கு இரண்டு விரற்கடை குறைவு. தொட்டியில் விரிசலா என்று தடவிப் பார்த்தாள். பிறகு மகளைக் கூப்பிட்டாள்.

அந்தப் பெண் நாலைந்து நாளைக்கு முன் தலைக்குக் குளித்திருந்தாள், தன் பங்குத் தண்ணீரில்தான். ஆனால் அம்மாவுக்கு வேறு யாரைச் சந்தேகப்படத் தோன்றும்? கல்யாணம் உனக்கா எனக்கா, நாளைக்கு அவமானப்படப் போவது யார் என்று கேட்டு, கல்யாணத்தன்று வரைக்கும் தலையில் தண்ணீர் பட்டால் பார் என்றாள். அந்தப் பெண் பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு, நுனியைத் திருகியபடி நின்றாள். என் தலை அப்போது ஈரமாக, முக்காட்டுக்குள் இருந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

வீட்டுக்காரி மைத்துனரைப் பார்த்து, நீங்கள் தினமும் பார்க்கிறீர்களே, சொல்லுங்கள், இவள்தானே என்று கேட்டாள். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். என்னை மட்டும் அவர் பார்க்கவில்லை.

"அவளை விடு. தடம் இன்னும் முடியலை."

அன்று முழுவதும் வங்கியில் எனக்கு வேலையே ஓடவில்லை. சாயங்காலம் என் இரண்டு குடத்தில் ஒன்றைத் தொடாமல் மூடி வைத்தேன். மறுநாள் விடியற்காலை அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சத்தமில்லாமல் தொட்டியில் ஊற்றினேன். வழக்கம்போல் மேலே கோலம். அன்றிலிருந்து பதினெட்டு நாள். எடுத்தது பத்துக் குடம், பத்தோடு நிறுத்தியிருக்கலாம். அந்தப் பெண் எண்ணெய்ப் பிசுக்குத் தலையோடு எதிரில் வரும்போதெல்லாம் நிறுத்த மனசு வரவில்லை.

மிச்சமிருந்த ஒரு குடத்தில் குடித்தேன், சமைத்தேன், ஈரத்துண்டால் உடம்பைத் துடைத்துக்கொண்டேன். குளிக்கவில்லை. மூன்றாம் நாள் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. வங்கி வாசலில் ஒரு ஒட்டகத்தைக் கட்டிப் போடுவார்கள். முன்பெல்லாம் என் சோப்பு வாசனைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அது, இப்போது கழுத்தை நீட்டிச் சொந்தத்தோடு பார்த்தது.

விடியற்காலை அழைப்பு மட்டும் தவறாமல் வந்தது. குளிச்சாச்சோ என்று கேட்பார். வறட்டுத் தலையில் துண்டை இறுக்கிச் சுற்றிக்கொண்டு, ஆச்சு என்பேன். நம்மாத்து மாட்டுப்பொண் எங்கே போனாலும் ஆசாரத்தை விடமாட்டாள் என்று மாமியார் பின்னாலிருந்து பூரித்துப் போவார். பதினெட்டு நாளும் குளிக்காமல் காபி வேறு குடித்தேன். ஒன்றும் ஆகவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் மறுபடியும் கயிறு இறங்கியது. நான் தூண் மறைவில் நின்றேன். வீட்டுக்காரி கயிற்றை இழுத்துப் பார்த்தாள். மறுபடியும் விட்டு இழுத்தாள். குறையவில்லை. இருக்கவேண்டியதற்கு மேலே ஒரு விரற்கடை இருந்தது. மழை பெய்யாமல் தொட்டி ஊறுமா என்று மைத்துனரைப் பார்த்தாள்.

"இப்போ தடம் முடிஞ்சாச்சு," என்றார் அவர். முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்துச் சொன்னார். "பத்து நாள் போறச்சே லேசு, வரச்சே கனம். அப்பறம் பதினெட்டு நாள் போறச்சே கனம், வரச்சே லேசு. கோலத்துக்கு அடியிலும் குதிகால் தெரியறது. எடுத்துண்டு போனவா தடம் எத்தனையோ பாத்தாச்சு. கொண்டுவந்து வெச்சவ தடத்தை இப்பத்தான் பாக்கறேன்."

என் பெட்டி தெருவுக்கு வரப் போகிறது என்று நினைத்தேன். முதலில் அந்தப் பெண்ணிடம் போய், நீ வாங்கின திட்டு என்னுடையது என்றேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். வீட்டுக்காரி எழுந்து கிட்டே வந்தாள். அறையப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் குனிந்து என்னை முகர்ந்து பார்த்தாள்.

"அதான் சோப்பு வாசனையே காணோம். ராத்திரில ஒட்டகம் ஏதோ ஆத்துக்குள்ள வந்து படுக்கறதுன்னுன்னா நெனச்சேன்."

மகள்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் அந்த முற்றமே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

கல்யாணத்தன்று காலையில் அடுப்பில் அண்டா கொதித்தது. முதலில் மணப்பெண்ணுக்குத் தலைக்கு ஊற்றினார்கள். பிறகு வீட்டுக்காரி ஒரு குடம் நிறைய வெந்நீரைத் தூக்கிக்கொண்டு வந்து என் அறை வாசலில் வைத்தாள். எனக்கு வேண்டாம், மாப்பிள்ளை வீட்டார் இருநூறு பேர் வருகிறார்கள் என்றேன்.

"எரநூத்தி ஒண்ணாவது ஆள் நீ. போய்க் குளி."

குளித்தேன். பாதியை மிச்சம் வைத்திருக்கலாம். வைக்கவில்லை, கடைசிச் சொட்டுவரை கவிழ்த்துக்கொண்டேன். வெளியே வந்தபோது கணவர் கூப்பிட்டார். குளிச்சாச்சோ என்றார். தலையில் நிஜமாகவே ஈரத்துண்டு. ஆச்சு என்றேன். குரல் ஒரு மாதிரி இருக்கிறதே, அழுகிறாயா என்று கேட்டார்.

சோப்பு கண்ணில் பட்டுவிட்டது என்றேன்.