எல்லாப் பாடத்திலும் பிளஸ் வாங்கிய காளை

இன்றைக்குச் செய்த தப்பு இரண்டரை வருஷம் கழித்து வெளியே வரும் தொழில் என்னுடையது. கறிமாட்டுப் பண்ணைக்காரர்களுக்கு எந்தக் காளையின் சினை ஊசி போடலாம் என்று சொல்லும் வேலை. ஆபீஸ் மனுகாவில், வீடு மவுண்ட் ரோஸ்கில்லில். செய்த தப்பை மென்று முழுங்கிக்கொண்டு தினமும் வேலைக்குப் போய்வரும் அன்பர்களே, கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள்.

என்ன வேலை?

நாமக்கல்லில் மாட்டு டாக்டருக்குப் படித்தவன் நான். இந்த வெளிநாட்டில் டாக்டராக இன்னொரு பரீட்சை பாக்கி, அதனால் வேலை விசாவில் இந்த உத்தியோகம். ஒருநாள் கோயில் சாப்பாட்டில் பக்கத்தில் இருந்தவர், “ஐ.டி. வேலையா?” என்று கேட்டார். “இல்லைங்க, பொலிகாளை” என்று ஆரம்பித்தேன். உறைவிந்து என்ற இடம் வந்ததும் அவர் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாயசம் வாங்கப் போய்விட்டார்.

மறுநாள் ஆபீஸில் பதிவுகளைப் பார்க்கும் யாழ்ப்பாணத்துச் சுகந்தி அக்காவிடம் புலம்பினேன். “தம்பி, மாட்டு ஆஸ்பத்திரி எண்டு மட்டும் சொல்லுங்கோ. மிச்சத்தைக் கோயில்ல கதைக்காதேங்கோ.”

எல்லாம் பிளஸ்

ஹென்டர்சனைத் தாண்டி அரைமணி நேரம் காரில் போனால் பிரையனின் பண்ணை. வயதான பசுக்களைக் கழித்துவிட்டு, புதுக் காளைக்குப் பிறக்கும் கிடேரிகளை வைத்தே இனி ஓட்டுவது என்று அவர் முடிவு செய்திருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு காளைக்கும் ஒரு அட்டவணை உண்டு, அதில் பிளஸ், மைனஸ் என்று மார்க் போட்டிருக்கும். ஒரு காளைக்கு எடையிலும் பிளஸ், வளர்ச்சியிலும் பிளஸ், கன்று ஈன ஆகும் நாளிலும் பிளஸ். மார்க் ஷீட்டைப் பார்த்து வளர்ந்தவன் வேறு என்ன செய்வான்? “கண்ணை மூடிக்கிட்டு இதைப் போடுங்க” என்றேன். அவரும் அட்டவணையை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

ஊசி போட்டு மூன்று வாரம் கழித்துச் சுகந்தி அக்கா அந்தப் பதிவைத் திறந்தார். “ஐயோ தம்பி! ஈனுற நாளில மைனஸ் எண்டாத்தான் நல்லது. பிளஸ் எண்டா அதின்ர பெட்டைக் கண்டுகள் சினைப்படச் சுணங்கும்.”

ராட்சசிகள்

கன்றுகள் பிறந்தன. கிடேரிகள் ராட்சசிகள் மாதிரி வளர்ந்தன. சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் பிரையனிடம் போவேன். அவர் ஒரு புகார் கொடுத்தால் என் விசா போச்சு. தீனி நன்றாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பி வருவேன். கோழை, வேறென்ன? பிரையனோ வேலியில் சாய்ந்துகொண்டு சிரிப்பார். “மேட், இவளுங்களைப் பாரு! எல்லாம் உன் புண்ணியம்.”

ஸ்கேன் நாள்

வளர்ந்த கிடேரிகளுக்கும் ஊசி போட்டாயிற்று; சினை நின்றதா என்று பார்க்க முப்பதும் வரிசையாக வந்தன. ஸ்கேன் செய்கிறவர் “சினை, சினை” என்று சொல்லிக்கொண்டே வந்து, திடீரென்று “இல்லை” என்றார். அப்புறம் இன்னொரு “இல்லை”. மொத்தம் பன்னிரண்டு. சினை நிற்காதது கறிக்குப் போகும், இங்கே அதுதான் வழக்கம். தனியாக ஒதுக்கிய பட்டியில், நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருந்த ஒருத்தி என் கையை நக்கினாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. “பிரையன், அட்டவணையைத் தப்பாப் படிச்சது நான். ரெண்டு வருஷமாத் தெரியும். சொல்லப் பயம்.”

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். புகார் செய்யப் போகிறார் என்றுதான் நினைத்தேன். “மைனஸ்தான் நல்லதுன்னு எனக்கும் தெரியும், மேட். அன்னிக்கே பார்த்தேன். காளையோட சைஸுக்கு ஆசைப்பட்டு வாயை மூடிக்கிட்டேன்.”

ஆக அன்பர்களே, ஆளுக்கொரு காரணத்துக்காக இரண்டு பெரிய மனுஷர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால், லாரி ஏறுவது என்னவோ பன்னிரண்டு கிடேரிகள்தான்.