மகளின் வாசலுக்கு நான் அனுப்பிய ஆள்

வெளிநாட்டுப் படிப்பின் நன்மைகளைப் பற்றிப் பேச, லண்டனில் நாங்கள் இருக்கும் மோர்டனில் என்னை விட்டால் ஆள் இல்லை. பத்தொன்பது வயதில் இங்கே படிக்க வந்தவன் நான். கலியாண வீடுகளில் சாப்பாட்டுத் தட்டும் கையுமாக நின்று, "பிள்ளையளை வெளியிலை விடுங்கோ, அப்பதான் தங்கடை காலிலை நிக்கப் பழகுவினம்" என்று அறிவுரை வழங்குவேன். என் மகள் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டைப் பிரான்சில் படிக்கப் போவதாகச் சொன்னபோதுதான், நான் இத்தனை காலமும் சொன்னது மற்றவர்களின் பிள்ளைகளைப் பற்றி என்பது எனக்கே விளங்கியது.

"பிரெஞ்சு படிக்கிறவள் மோர்டன் பஸ் ஸ்டாண்டிலையோ பிரெஞ்சு கதைக்கிறது?" என்று மனைவி கேட்டாள். தோற்றுப் போனேன். ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: தினமும் காலையில் ஒரு மெசேஜ். ஒரு நாள் தவறினாலும் அடுத்த பிளேனில் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். "ஓம் அப்பா" என்றாள்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை மெசேஜ் வரவில்லை. அழைத்தால் போன் அணைந்திருந்தது. மனைவி ஆஸ்பத்திரியில் காலை ஷிப்ட். வீட்டில் நானும் என் கற்பனையும் மட்டும். அரை மணி நேரத்துக்குள் அவளை ரயில் மோதியது, ஆறு அடித்துப் போனது, நச்சுக் காளான் கொன்றது. காளான் எங்கிருந்து வந்ததென்று தெரியாது. பிரான்ஸ் அல்லவா.

எங்கள் சனத்துக்கு எந்த நாட்டிலும் ஓர் ஆள் கிடைக்கும். என் சித்தப்பா மகனுடைய மைத்துனனோடு ஒரு காலத்தில் வேலை செய்தவர், மகளின் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்தார். நாலாவது அழைப்பில் பிடித்துவிட்டேன். "பயப்பிடாதேங்கோ அண்ணை, இப்பவே வெளிக்கிடுறன்" என்றார். விலாசத்தை அனுப்பினேன்.

மனைவி வந்ததும் பெருமையாகச் சொன்னேன்.

"ஆர் அந்த ஆள்?"

"நல்ல மனிசன்."

"கண்டனீங்களோ?"

"நல்ல குரல்."

அவள் கோட்டைக் கழற்றாமலே சோபாவில் இருந்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தனியே இருக்கும் பிள்ளையின் விலாசத்தை, கதவிலக்கத்தோடு, முகமே தெரியாத ஒருவனுக்கு நானே எழுதி அனுப்பியிருக்கிறேன். இனிக் காளான் தேவையில்லை. அவருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன்.

ஒருவழியாக அவரே வீடியோவில் வந்தார். "அண்ணை, பிள்ளை சுகமாய் நிக்கிறா. ஆனா கதவைத் திறக்கிறா இல்லை."

போனைத் திருப்பிப் பிடித்தார். சங்கிலி போட்ட கதவின் இடுக்கில் மகளின் பாதி முகம்.

"அப்பா, இவரை உங்களுக்குத் தெரியுமோ?"

"இப்ப கொஞ்சம் தெரியும்."

"நேரிலை கண்டிருக்கிறீங்களோ?"

"இல்லைப் பிள்ளை."

"அப்ப ஏன் என்ர அட்ரஸைக் குடுத்தனீங்கள்?"

மேல்மாடியிலிருந்து யாரோ பெண் பிரெஞ்சில் குரல் கொடுத்தாள். மகள் படபடவென்று பதில் சொன்னாள். லண்டனில் கடைக்குப் போனால் என்னைப் பேசவிட்டுப் பின்னால் ஒளிந்து நின்றவள் இவள். பிறகு அந்த மனிதரைப் பார்த்து, "குறை நினையாதேங்கோ மாமா. கீழை கோப்பிக்கடையிலை இருங்கோ. பிரெண்டோடை வாறன்" என்றாள்.

"அதுதான் சரி பிள்ளை. என்ர மகளும் இப்பிடித்தான் இருக்கவேணும்" என்றார் அவர். எனக்கு வெட்கமாக இருந்தது. நல்ல மனிதர்தான்.

முந்தின நாள் அவள் போன் தண்ணீருக்குள் விழுந்திருந்தது. காலையில் ஈமெயில் போட்டாளாம். ஈமெயிலை யார் பார்க்கிறார்கள்?

"சொன்ன சொல் சொன்னதுதானே அப்பா. அடுத்த பிளேனிலை வரவோ?"

குரலில் பகிடி இல்லை. 'வா' என்றால் வந்துவிடுவாள். அந்த ஒரு சொல்லோடு என் பயமெல்லாம் தீர்ந்துவிடும். ஆனால் அவள் வயதில் லண்டனில் யார் தட்டினாலும் திறந்தவன் நான். அந்தச் சங்கிலியைப் போட எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"நில் பிள்ளை. படிச்சு முடிச்சிட்டு வா."

"படம் ஏன் இப்பிடி ஆடுது அப்பா?"

"சிக்னல் சரியில்லை" என்றேன்.

மனைவி என் மணிக்கட்டைப் பிடித்து, போனை நேராக்கினாள்.