ஓட்டக் கச்சேரி

பென்சிலைக் கேசட்டின் துளைக்குள் நுழைத்து அரைச் சுற்று திருப்புகிறார். நாடா எவ்வளவு தளர்ந்திருக்கிறதோ அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு பல் கூட நகர்த்த மாட்டார். பிறகு உள்ளங்கையில் இரண்டு தட்டு. பிறகு மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிறார். கெட்டுப்போன நாடாவில் புளித்த வாடை வரும். வாடை இல்லையென்று உறுதியானால்தான் கேசட் இயந்திரத்துக்குள் போகும். அதற்குள் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களின் கோப்பைகளில் தேநீர் பாதியாகியிருக்கும்.

"மீட்டர் சார், பச்சப் புள்ளைக்கு ஊசி போடற மாதிரி பாக்கறீங்களே. அதுக்கு வலிக்கவா போகுது? போடுங்க சார்" என்பார் பஸ் டிரைவர்.

"வலிக்கும்" என்பார் மீட்டர் சார். முகத்தில் சிரிப்பு இருக்காது.

வயது ஐம்பத்தாறு. குடிநீர் அலுவலகத்தின் பின்கட்டில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை இருக்கிறது. வீடுகளிலிருந்து கழற்றி வந்த தண்ணீர் மீட்டர்களை அங்கே நீளக் குழாயில் வரிசையாக மாட்டி, அளவு குறித்த தொட்டியில் நூறு லிட்டர் விழும் வரை தண்ணீரை ஓடவிட்டு, மீட்டர் எத்தனை லிட்டர் காட்டுகிறது என்று பார்ப்பது அவர் வேலை. இரண்டு லிட்டர் கூடக் குறைய இருக்கலாம். மூன்றாவது லிட்டருக்கு மன்னிப்பு இல்லை. ஒவ்வொரு மீட்டருக்கும் மூன்று ஓட்டம்; சரியாக இருந்தால் கம்பி கோத்து ஈய முத்திரை.

"என் மீட்டர் தலைதெறிக்க ஓடுது" என்று சண்டைக்கு வருபவர்கள் நிறைய. பத்தில் ஒன்பது வீட்டில் கழிப்பறைத் தொட்டி ஒழுகிக்கொண்டிருக்கும். "மீட்டர் பொய் சொல்லலைங்க, உங்க டாய்லெட்தான் உண்மைய மறைக்குது" என்பார். வந்தவர் கோபத்தோடு சிரித்துவிடுவார். ஆனால் அந்தப் பத்தாவது வீட்டுக்காக எல்லாவற்றையும் சோதித்தாக வேண்டும் என்பது அவர் கட்சி. மீட்டரைச் சோதிப்பதற்கு முன்னால் ஆளைச் சந்தேகிக்கக் கூடாது.

நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறி அவர் விரல் நுனிகள் சுருங்கிக் கிடக்கும். கைகுலுக்கினால் சில்லென்றிருக்கும். கேசட்டைத் தொடுவதற்கு முன் கைக்குட்டையால் ஒவ்வொரு விரலாகத் துடைப்பார்.

கேசட்டுகள் எல்லாம் ஒரே குழுவுடையவை. இரண்டு கிதார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ், ஒரு பாடகர். சைக்கடெலிக் ராக் என்று கடைக்காரர்கள் தனி அடுக்கில் வைக்கும் வகை. குழு கலைந்துபோய் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஸ்டுடியோவில் ஆறு நிமிடத்தில் முடித்த பாட்டை மேடையில் நாற்பது நிமிடம் மேயவிடுவார்கள். ஒரு தடவை வாசித்த மாதிரி மறு தடவை வாசித்ததில்லை. அதனால் இசைத்தட்டோடு ரசிகர்களின் ஆசை நிற்பதில்லை. எந்த ஊரில், எந்தத் தேதியில், கூட்டத்துக்குள் யார் மடியில் ஒளித்துப் பதிவு செய்தது என்று தேடிக்கொண்டே இருப்பார்கள்.

மீட்டர் சாருக்கு இந்தப் பித்து இருபது வயதில் பிடித்தது. பழுதுபார்க்க வாங்கிய ஒரு டேப் ரெக்கார்டரின் வயிற்றில் அவர்களுடைய கேசட் சிக்கியிருந்தது. அதை வெளியே எடுக்க ஒரு நாள் ஆயிற்று. காதிலிருந்து எடுக்க இன்றுவரை முடியவில்லை. அவர் மனைவிக்கு இந்தச் சங்கீதத்தின் மேல் ஒரே ஒரு குறைதான். "என்னங்க, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்று கேட்பார். "இதுதாம்மா பாட்டு." "அப்ப எப்ப முடியும்?"

சனிக்கிழமை மதியங்களில் லாண்டரிக்காரரின் பின்னறையில் கூடுகிறார்கள். சுவரோரம் நீராவிக் குழாய் ஒன்று ஓடுகிறது. தேநீர்க் கோப்பைகளை அதன் மேல் வைத்தால் ஆறாது. லாண்டரிக்காரர், பஸ் டிரைவர், பல் டாக்டரம்மா, மீட்டர் சார். டாக்டரம்மா வாதாடும்போது ஆள்காட்டி விரலை எதிராளியின் வாய்க்கு நேரே நீட்டுவார். பாதிப் பேர் பயத்திலேயே ஒத்துக்கொள்வார்கள்.

இந்த வட்டத்துக்கு வெளியேயும் மீட்டர் சாருக்குப் பெயர் உண்டு. பழைய ரெக்கார்டர்கள் ஒரே சீராக ஓடுவதில்லை. பேட்டரி இறங்கினால் ஒரு வேகம், ஏறினால் ஒரு வேகம். அப்படிக் கோணலாகப் பதிவான கச்சேரிகளைச் சரியான வேகத்துக்குக் கொண்டுவருவதை அவர் தானாகவே கற்றுக்கொண்டார். இசைத்தட்டில் கிதாரின் அடித் தந்தி எந்தச் சுருதியில் ஒலிக்கிறதோ, அதே சுருதி கேசட்டிலும் வரும்வரை வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். முந்நூறு கச்சேரிகள் அவர் கைப்பட்டு நேராகியிருக்கின்றன. அட்டையில் 'மீட்டர் பார்த்தது' என்று இருந்தால் எந்த ஊர் ரசிகரும் மறுபேச்சுப் பேசுவதில்லை.

அவற்றில் மிகப் புகழ்பெற்றது 'ஓட்டக் கச்சேரி'. பதினோரு ஆண்டுகளுக்கு முன் அவர் சரிசெய்து பரப்பியது. குழுவினர் வேறெந்த நாளும் அவ்வளவு வேகமாக வாசித்ததில்லை. அன்று ரயிலைப் பிடிக்க ஓடியிருக்கிறார்கள் என்பது டாக்டரம்மாவின் கட்சி. மேடைக்குப் பின்னால் சண்டை என்பது டிரைவர் கட்சி. அந்தக் கச்சேரியின் நடுவே இசை அடங்கும் ஓர் இடத்தில், மைக்குக்கு வெகு பக்கத்தில், ஒரு சின்னப் பெண்ணின் கீச்சுக் குரல் கேட்கும்: "ஐயோ, அந்த டிரம்ஸ் ஆளு தூங்கிட்டாரா?" உடனே ஒரு பையனின் கிக்கிக்கீ என்ற சிரிப்பு. ரசிகர்கள் அவளுக்குக் குருவி என்று பெயர் வைத்தார்கள். டிரைவரின் கைப்பேசி அடித்தால் குருவிதான் கூவும்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை அந்தக் கேசட் ஓடிக்கொண்டிருந்தது. கம்பளியை வாங்கிப்போக வந்த ஒரு பெண்மணி, கையில் ரசீதோடு பின்னறை வாசலில் வந்து நின்றார். அறுபத்தைந்து வயது இருக்கும்.

"இது நாங்க புடிச்சது" என்றார். கனமான, அடித்தொண்டைக் குரல். "ரெக்கார்டர் என் மடியிலதான் இருந்துச்சு. மேல துப்பட்டா போட்டு மூடியிருந்தேன். மறு வாரமே ஒருத்தர் கேட்டுட்டுத் தரேன்னு வாங்கிட்டுப் போனார். போனது போனதுதான்."

அந்த நேரம் பார்த்துக் குருவி கூவியது.

"அது நான்தான்" என்றார் அவர். உடனே நெற்றியைச் சுருக்கினார். "வார்த்தை என்னோடது. குரல் யாரோடதோ."

"அம்மா, தப்பா நினைக்காதீங்க" என்றார் டாக்டரம்மா, விரலை நீட்டாமல், தன்மையாகவே. "அது பத்துப் பன்னெண்டு வயசுப் பொண்ணு."

"பன்னெண்டு வயசுலயும் எனக்கு இதே குரல்தாம்மா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருபத்தெட்டு வருஷம் இருந்தேன். ஒருத்தராவது 'மேடம்'னு கூப்பிடணுமே! 'சார், லைன் குடுங்க சார்'தான்."

டிரைவர் சிரித்தார். அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை.

"பக்கத்துல சிரிக்கறது எங்க வீட்டுக்காரர். ஆனா அவர் இப்படியா சிரிப்பார்? அவர் போயி ஆறு வருஷமாச்சு. போட்டோ பெட்டி நிறைய இருக்கு. சத்தம்னுதான் ஒண்ணும் இல்ல." கம்பளியை வாங்கிக் கைமேல் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

"பாவம், வயசாச்சு, எதையோ எதோடயோ குழப்பிக்கிறாங்க" என்றார் லாண்டரிக்காரர். மீட்டர் சார் தேநீரைக் குழாய் மேலேயே விட்டுவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் காலை சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். இந்த முறை கிதாரை விட்டுவிட்டார். அந்தக் காலத்து மேடை ஒலிபெருக்கிகள் எல்லாம் லேசாக முனகும். சுவரிலிருந்து வரும் மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை துடிக்கிறது. அந்தத் துடிப்புதான் முனகலாகக் கேட்கிறது. பாடகருக்குச் சளி பிடிக்கலாம், கிதார்க்காரர் மனம் மாறலாம். மின்சாரம் மாறாது. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடைப்பட்ட அமைதியை மட்டும் எடுத்துக் கணினியில் போட்டு அளந்தார். ஐம்பதுக்குப் பதில் ஐம்பத்தொன்பதரை வந்தது. இன்னும் இரண்டு முறை அளந்தார். அதே ஐம்பத்தொன்பதரை.

பீரோவின் அடித்தட்டிலிருந்து, தான் கை வைப்பதற்கு முன் வந்த மூலக் கேசட்டை எடுத்தார். அதன் முனகல் சரியாக ஐம்பது.

அந்த ரெக்கார்டர் அன்று ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறது. கிதார்களின் சுருதியை அன்றைக்கு மட்டும் இறக்கி வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டு நாடா மெதுவாகப் பதிவாகியிருக்கிறது என்று முடிவு கட்டி, நூற்றுக்குப் பத்தொன்பது வேகம் கூட்டியது அவர்தான்.

"என்னங்க, முகம் இப்படி இருக்கு?" என்றார் மனைவி.

"ஒழுங்கா ஓடின மீட்டரைத் திருகிக் கெடுத்திருக்கேம்மா. கெடுத்துட்டு முத்திரையும் வெச்சிருக்கேன்."

அடுத்த சனிக்கிழமை, உட்காருவதற்கு முன்பே தன் பிழையைச் சொல்லிவிட்டார். 

"அப்ப என் ரயில்?" என்றார் டாக்டரம்மா. "பதினோரு வருஷமா ஊர் ஊரா அந்த ரயிலை ஓட்டிக்கிட்டிருக்கேன் சார்!"

"ரயில் எங்கயும் போகல டாக்டரம்மா, ஸ்டேஷன்லயே நிக்குது. நம்ம குருவிதான் பறந்துடுச்சு" என்றார் டிரைவர்.

லாண்டரிக்காரர் மட்டும் கவலையோடு பேசினார். "அண்ணே, அந்தம்மாவுக்குத் தனியா ஒரு காப்பி போட்டுக் குடுத்துருவோம். ஊருக்கெல்லாம் எதுக்குச் சொல்லணும்? இது தப்புன்னா மத்த முந்நூறும் தப்பா இருக்குமோன்னு கேப்பாங்க. உங்க பேர் என்னாகும்?"

"கேக்கட்டும். எனக்கே அந்தச் சந்தேகம் இருக்கே."

"யாருக்கு என்ன கெடுதல்ணே? குருவி பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

"வேகமா ஓடுதுன்னு தெரிஞ்சும் முத்திரைய அப்படியே விடச் சொல்றியா? நம்ம கிட்ட ஒரு அம்மா வந்து, இது என் குரல் இல்லன்னு சொன்னாங்க. நாம மீட்டரைப் பாக்கல, அவங்கள சந்தேகப்பட்டோம். ஊர் ஊரா இருக்கற அத்தனை கேசட்டும் அவங்கள இன்னும் பொய்க்காரி ஆக்கிட்டிருக்கு."

லாண்டரிக்காரர் தலையைச் சொறிந்தார். அன்றே எல்லா ஊர் ரசிகர்களுக்கும் கடிதம் போயிற்று. நான்கே வரி. ஓட்டக் கச்சேரி என் பிழை. அந்தப் பிரதியை அழித்துவிடுங்கள். மூலத்தின் நகல் இத்துடன் வருகிறது. மற்ற முந்நூறையும் முனகலை வைத்து ஒவ்வொன்றாக மறுபடி சோதிக்கிறேன். திட்டி எட்டுப் பேர் எழுதினார்கள். ஒருவர், இத்தனை நாள் இந்தக் கச்சேரியை நம்பித்தான் காலையில் ஓடப் பழகினேன், இனி நடக்கத்தான் வேண்டும் என்று வருந்தினார். சோதனையில் பாதியை நாங்கள் பகிர்ந்துகொள்கிறோம், அளக்கும் முறையை மட்டும் சொல்லிக்கொடுங்கள் என்று பதினேழு பேர் கேட்டிருந்தார்கள். அந்தப் பதினேழையும் மீட்டர் சார் இரண்டு முறை படித்தார்.

ரசீதுப் புத்தகத்தில் அந்த அம்மாவின் எண் இருந்தது. லாண்டரிக்காரர் கூப்பிட்டார். "வணக்கம் சார், வீட்ல அம்மா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மறுமுனையில் பெரிய சிரிப்பு.

அந்த அம்மா வந்த அன்று நல்ல நாற்காலியை அவருக்கு ஒதுக்கியிருந்தார்கள். மீட்டர் சார் எழுந்து நின்று, தன் பிழையை முதலில் சொன்னார். பிறகு, "ஒரே ஒரு விஷயம்தாங்க பிடிபடல. அன்னிக்கு எதுக்குச் சுருதிய இறக்கினாங்க?"

"பாடகருக்குத் தொண்ட கட்டியிருந்துச்சு" என்றார் அவர். "ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவுல வெந்நீர் குடிச்சிட்டே இருந்தார். பாவமா இருந்துச்சு."

மீட்டர் சார் வெகு நேரம் தலையாட்டினார். விரல்களைத் துடைத்துக்கொண்டு மூலக் கேசட்டைப் போட்டார்.

கச்சேரி வேறாக இருந்தது. இரண்டு கிதார்களும் பாரம் சுமப்பவை போல ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு மெல்ல நடந்தன. கட்டிய தொண்டையோடு பாடகர் ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்து வைத்தார். டாக்டரம்மாவின் விரல் தானாக மடங்கியது. இசை அடங்கியது.

"ஐயோ, அந்த டிரம்ஸ் ஆளு தூங்கிட்டாரா?"

அடித்தொண்டையிலிருந்து வந்த கனமான குரல். பஸ் டிரைவர் அந்த அம்மாவின் நாற்காலிப் பக்கம் திரும்பி, மறுபடி ஸ்பீக்கர் பக்கம் திரும்பினார். அதற்குள் சிரிப்பு கிளம்பிவிட்டது. வயிற்றிலிருந்து குலுங்கி எழுந்து, நின்றுவிட்டது போலப் போக்குக் காட்டி, மறுபடி பீறிட்டு, கடைசியில் இருமலில் போய் முடிந்த ஆண் சிரிப்பு.

அந்த அம்மா அழவில்லை. "இந்த இருமல்" என்றார் மெதுவாக. "சிகரெட்ட விடுங்க, விடுங்கன்னு அன்னிக்கும் சொல்லிட்டுத்தான் உக்காந்திருந்தேன்." சற்றுப் பொறுத்து, "இன்னொரு தரம் போடுவீங்களா?"

மீட்டர் சார் நாடாவைப் பின்னுக்கு ஓட்டி நிறுத்தினார். பிறகு எழுந்து, எல்லோருக்கும் பொதுவாக இருந்த இரண்டு ஸ்பீக்கர்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கி, அந்த அம்மாவின் நாற்காலிக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டு வந்து, பொத்தானை அழுத்தினார்.