ஆர்டித்தின் வலது பாக்கெட்

ரிவால்வரின் உருளையைத் திறந்து, குண்டு போடும் ஐந்து அறைகளும் காலிதானா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கிறாள் ஆர்டித் லில்லி. கண்ணை நம்பாமல் சுண்டுவிரலாலும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து மூடுகிறாள். பிறகு குழலின் முனையில் ஒரு பத்து செண்ட் காசை வைத்து, சுவரிலுள்ள ஆணித் தலையைக் குறிபார்த்து விசையை இழுக்கிறாள். டக். காசு அசையவில்லை. மறுபடி டக். அடுப்பில் காப்பி பொங்கும்வரை இதுதான் அவளுடைய காலைப் பிரார்த்தனை. காசு விழுந்துவிட்டால் அன்றைக்குக் காப்பியில் சர்க்கரை கிடையாது.

ஐம்பதைத் தாண்டிய உடம்பு, முறுக்கிய கயிறு மாதிரி இருக்கும். மேற்கு வர்ஜீனியா மலை இடுக்குகளில் சிதறிக் கிடக்கும் எரிவாயுக் கிணறுகளைத் தனியாகப் போய்ப் பார்த்து, அழுத்தம் எவ்வளவு, கசிவு உண்டா என்று கவனித்து வருவது அவள் வேலை. கம்பெனி கிணறுகளுக்கு எண் கொடுத்திருக்கிறது. ஆர்டித் பெயர் கொடுத்திருக்கிறாள். சீறுகிற கிணற்றுக்குத் தன் மாமியாரின் பெயர். "இன்னிக்கு மாமியாருக்குக் கோபம், கிட்டப் போகாதீங்க" என்று அவள் வயர்லெஸில் சொன்னால் அலுவலகத்தில் சிரிக்க மாட்டார்கள். வால்வை அடைக்க ஆள் அனுப்புவார்கள்.

அந்தக் காடுகளில் செம்புத்தலை விஷப்பாம்பு உண்டு, கட்டவிழ்த்த வேட்டை நாய்கள் உண்டு. கிணற்றடித் தொட்டியின் ஏணியில் ஏறும்போது எதிர்ப்படுகிற மனிதர்களும் உண்டு. யார் என்ன என்று அவர்களைக் கேட்காமலிருப்பதே நல்லது. அதனால் அவள் தகப்பனாரின் நீளக் குழல் ரிவால்வர் வெகுகாலம் கூடவே வந்தது. கூட வந்தது என்றால் டிரக்கின் இருக்கைக்கடியில் படுத்து வந்தது. இடுப்பில் கட்டினால் ஏணியில் ஏற முடியாது.

அப்புறம்தான் வீட்டு விஷயம் ஆரம்பித்தது.

மணவிலக்கு ஆனபின் அவள் வாங்கிய வீடு அது. மலைச்சரிவில் ஒரே ஒரு வீடு. பக்கத்து வீட்டுப் புகையைப் பார்ப்பதற்கே ஒரு மேடு ஏற வேண்டும். ஒரு நாள் சாயங்காலம் வந்து பார்த்தால் சமையலறை மேசையடியிலிருந்து இரண்டு நாற்காலிகள் வெளியே இழுத்துப் போடப்பட்டிருந்தன. காலையில் அவசரத்தில் தானே இழுத்திருப்போம் என்று உள்ளே தள்ளினாள். அடுத்த வாரமும் அதே இரண்டு நாற்காலிகள், எதிரெதிரே. இன்னொரு நாள் மலையைப் பார்த்த ஜன்னல் திறந்திருந்தது. கதவு பூட்டினபடி இருந்தது. மேசையில் கையை வைத்தால் ஓரிடம் மட்டும், யாரோ முழங்கை ஊன்றிச் சற்றுமுன் எழுந்துபோனதுபோல, வெதுவெதுப்பாக இருந்தது.

மறுநாளே அவள் ஹோபர்ட் மெடோஸின் கடைக்குப் போனாள். தீவனக் கடையின் பின்கட்டில் துப்பாக்கி விற்கிறவன், பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவன்.

"என்ன ஆர்டி, உங்கப்பனோட பீரங்கிய வித்துட்டியா?"

"டிரக்குல தூங்குது. இடுப்புல கட்டினா நான் ஒரு பக்கம் போறேன், பேண்ட் ஒரு பக்கம் போகுது. எப்பவும் மேலயே இருக்கணும் ஹோபர்ட். குளிக்கிற நேரம் தவிர."

ஹோபர்ட் கண்ணாடிப் பெட்டியிலிருந்து இருப்பதிலேயே லேசானதை எடுத்துக் கொடுத்தான். ஒரு சாவிக்கொத்தின் கனம்கூட இல்லை. அவள் முகம் மலர்ந்தது.

"இது இருக்கா இல்லையான்னே தெரியலியே!"

"சுட்டுப் பாரு, தெரியும்."

கடைக்குப் பின்னால் மண்மேட்டில் காகிதத் தட்டுகளை ஆணியடித்து வைத்திருப்பான். ஆர்டித் ஒரு குண்டு சுட்டாள். கைக்குள் குளவிக் கூட்டை நசுக்கியதுபோல் இருந்தது.

"அடப்பாவி! குண்டு முன்னால போச்சா, பின்னால வந்துச்சா?"

ஐந்தும் தீர்ந்தபின் ஹோபர்ட் தட்டைக் கழற்றிக்கொண்டு வந்து காட்டினான். "ஒரு ஓட்டை இல்ல. கேக்கு வச்சுத் தரட்டுமா?"

அடுத்தது முழு எஃகு. அதே தூரத்தில் குண்டுகள் தட்டின் நடுவில் கொத்தாக விழுந்தன. ஆனால் பாக்கெட்டில் போட்டதும் ஜாக்கெட் ஒரு பக்கம் இழுத்து, தோள் சரிந்தது.

"கனமா இருந்தா வீட்ல தூங்கும், லேசா இருந்தா கைய முறிக்கும்" என்றான் ஹோபர்ட். "நடுவுல ஒண்ணு இருக்கு. அதத்தான் தேடணும்."

நடுவிலுள்ளது மூன்றாவதாக வந்தது. உடற்சட்டம் அலுமினியம், உருளையும் குழலும் எஃகு. குண்டைத் தட்டும் சுத்தியல் உள்ளே மறைந்திருந்ததால் பாக்கெட் துணியில் மாட்டாது. கைப்பிடிக்கு ரப்பர் உறை, சுண்டுவிரலும் பிடிக்கிற நீளம். வீரியம் குறைந்த குண்டு போட்டுச் சுட்டாள். கை அதிர்ந்தது, ஆனால் வலிக்கவில்லை. தட்டில் ஐந்து ஓட்டைகளையும் ஒரு உள்ளங்கையால் மூடிவிடலாம்.

ஒன்றுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. "விசை ரொம்பக் கெட்டி. இழுக்க இழுக்கப் போய்க்கிட்டே இருக்கு. கொஞ்சம் இளக்கிக் குடேன்."

"மாட்டேன். சின்னத் துப்பாக்கிக்குக் கெட்டி விசைதான் நல்லது. பாதி வழியில மனசு மாறினா, மாறுறதுக்கு ஒரு வழி வேணும்ல?" அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "யாருக்காக ஆர்டி இவ்வளவு அவசரம்?"

அவள் நாற்காலிகளைப் பற்றிச் சொன்னாள். ஹோபர்ட் அதன்பிறகு கேலி பேசவில்லை.

"எதாவது போச்சா?"

"ஒண்ணும் போகல. அதான் பயமே. திருடன்னா எதையாவது எடுத்துட்டுப் போவான்ல?"

அதையே வாங்கிவந்து, குறிபார்க்கக் கண்ணில் படும்படி குழல் நுனியிலுள்ள முன்குறியில் செம்மஞ்சள் நகப்பூச்சைத் தடவிக்கொண்டாள். ஏறும்போது, குனியும்போது, தின்னும்போது எல்லாம் ரிவால்வர் வலது பாக்கெட்டில்தான். அதில் வேறெதுவும் போடமாட்டாள், கைக்குட்டைகூட. காசு விழாமல் விசை இழுக்கப் பழகியதும் அந்த நாட்களில்தான்.

இலையுதிர்காலம். மழையில் கிணற்றுப் பாதைகள் அரித்துப்போய் மதியமே வேலை முடிந்தது. ஓடை நிறைந்து ஓடியதால் டிரக்கைக் கீழேயே விட்டுவிட்டு நடந்து ஏறினாள். சமையலறைக் கதவு பூட்டியிருந்தது. சாவி போட்டுத் திறந்தாள். நனைந்த கம்பளியின் வாடை வந்தது.

இழுத்துப் போட்ட ஒரு நாற்காலியில், முதுகைக் காட்டிக்கொண்டு, தொப்பி வைத்த ஒரு மனிதன் உட்கார்ந்திருந்தான். எதிர் நாற்காலி காலி. அவன் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான், யாரோ சொல்வதைக் கேட்பவன்போல.

ரிவால்வர் கைக்கு எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியாது. செம்மஞ்சள் புள்ளி அவனுடைய இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் நின்றது. கொஞ்சமும் நடுங்கவில்லை. விசை பின்னால் வரத் தொடங்கியிருந்தது.

"கதவச் சாத்து ஓபல்" என்றான் அவன், திரும்பாமலே. "குளிரு உள்ள வருது."

தன் சொந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிற மனிதனின் குரல். விரல் பாதி வழியில் நின்றுவிட்டது. அங்கே அது எவ்வளவு நேரம் நின்றதென்று ஆர்டித் யாரிடமும் சொன்னதில்லை. பிறகு விசையை மெல்ல, மெல்ல முன்னுக்கு விட்டாள்.

அவன் திரும்பினான். முள்முள்ளாக வெள்ளைத் தாடி, எண்பது வயதுக் கிழவர். துப்பாக்கியைப் பார்த்தார். பயப்படவில்லை. அப்புறம் ஆர்டித்தின் தோளுக்கு மேலாக, அவள் பின்னாலிருந்த திறந்த வாசலைப் பார்த்தார். முகம் இளகியது.

"நீ உள்ள வா ஓபல். இந்தப் பொண்ணு ஒண்ணும் செய்ய மாட்டா."

ஆர்டித்தால் திரும்ப முடியவில்லை. பின்னால் வாசல் பலகை ஒன்று, மேலே கால் வைத்ததுபோல முனகியது. "காத்துதான்" என்று இன்றைக்கும் சொல்வாள், கேட்காதவர்களிடமும்.

கிழவர் பெயர் வொர்லி கெசிங்கர். அந்த வீட்டைத் தன் கையால் கட்டியவர். மனைவி ஓபல் செத்தபின் மகன் வீட்டை விற்றுவிட்டான். கிழவர் மேட்டுக்கு அப்பால் மகள் ட்ரீனாவிடம் இருந்தார். நினைவு கலைந்துவிட்டது, கால்கள் மட்டும் பழைய மரவெட்டிப் பாதையை மறக்கவில்லை. கழுத்துக் கயிற்றில் ஆர்டித் வீட்டு நிலவறைக் கதவின் பழைய சாவி தொங்கியது.

ஆர்டித் அவரைக் கைப்பிடித்துக் கொண்டுபோய் விட்டாள். ட்ரீனா வாசலிலேயே அழுதுவிட்டாள். "தோட்டத்துல இருக்காருன்னுல்ல நெனச்சேன்! அந்தப் பூட்ட இன்னிக்கே மாத்திடுங்கக்கா. நல்ல வேளை, வேற யார் கையிலயும் மாட்டல."

ஆர்டித்தின் வலது கை பாக்கெட்டுக்குள் இருந்தது. திரும்பி வரும் வழியில் பாதையோரம் உட்கார்ந்து, ஐந்து குண்டுகளையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள்.

பூட்டை அவள் மாற்றவில்லை. குளிர்காலம் வரும்வரை வொர்லி வந்துபோனார். சில நாள் ஆர்டித் இருக்கும்போதே வந்து, மேசையில் அவள் வைத்த சோள ரொட்டியைத் தின்றார். ஒரு துண்டு பிட்டு எதிர்ப்பக்கம் வைப்பார். பனிக்காலத்தில், படுக்கையில், ட்ரீனா பக்கத்தில் இருக்கும்போது செத்துப்போனார். ஆர்டித் சவப்பெட்டியின் ஒரு மூலையைத் தூக்கினாள்.

இப்போதும் நாற்காலி நகருகிறதா என்று ஹோபர்ட் கேட்டான். "நீ உன் கடையப் பாரு" என்றாள்.

சாயங்காலம் வேலை முடிந்து வருகிறாள். வாசற்படி ஏறி, சாவியை இடது கைக்கு மாற்றிக்கொள்கிறாள். வலது கையைப் பாக்கெட்டிலிருந்து வெளியே எடுத்து, விரல்களை மடக்கி, தான் பூட்டிவிட்டுப் போன தன் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். பிறகு ஓர் அடி பின்னால் தள்ளி நின்று, பூட்ஸைத் துடைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.