அப்பாவின் இடப்பக்கத்தில் ஒருவர்

பக்கவாதம் வந்த அப்பாவை இரத்தினபுரி ஆஸ்பத்திரியிலிருந்து தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குக் கூட்டி வந்த மறுநாள் காலை, அவர் என்னை அருகே கூப்பிட்டு மெல்லக் கேட்டார்: “பாப்பா, எனக்குப் பக்கத்துல படுத்திருக்கிறது யாரு?”

கட்டிலில் அவரைத் தவிர யாருமில்லை. “தலகாணிப்பா,” என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உணர்வற்ற தன் இடக்கையை வலக்கையால் மணிக்கட்டில் இறுகப் பிடித்திருந்தார். “சில்லுன்னு இருக்காரு. கத்தாத, அண்ணே தூங்குறாரு.”

அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே மண்சரிவில் போய்விட்டவர். மேல் லயம் புதைந்த அன்று, வெறுங்கையால் தோண்டிய அப்பாவுக்கு முதலில் தட்டுப்பட்டது அவருடைய கைதான். பிடித்து இழுத்திருக்கிறார். மலை மறுபடி இறங்கவும் ஆட்கள் அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பெரியப்பா கிடைக்கவே இல்லை. அதைப் பற்றி அப்பா வீட்டில் ஒருநாளும் வாய் திறந்ததில்லை; மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கிளினிக்கில் பிசியோ மிஸ் சிங்களப் பிள்ளை, என்னைவிட இளையவள். “தாத்தே, வம் அத கோ?” என்று கேட்டாள், இடக்கை எங்கே என்று. அப்பா சுவரைக் காட்டினார். மூளையில் அடிபட்டால் சிலருக்குத் தன் பாதி உடம்பே தன்னுடையதாகத் தெரியாதாம். கையைத் தினமும் தடவி, நீட்டி, மடக்கிப் பழக்க வேண்டும், இப்படியே பிடித்து வைத்திருந்தால் இறுகிப்போய்ப் பிறகு யாராலும் விரிக்க முடியாது என்றாள். அப்பாவோ யாரையும் தொட விடவில்லை.

“விட்டா போயிருவாரு,” என்றார்.

இதில் அம்மா வேறு. கட்டிலுக்கு இடப்பக்கம் ஸ்டூல் போட்டு, இன்னொரு கோப்பையில் பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணி வைத்தாள்.

“ஏம்மா, ஒனக்கும் புத்தி பேதலிச்சுப் போச்சா?”

“வந்தவருக்கு ஒரு வாய்த் தண்ணி குடுக்காம எப்பிடிடி?”

கோப்பையைத் தூக்கி வாசலில் கொட்டினேன். எனக்கு வரும் கோபம் அப்படி. அடுத்த கிளினிக்கில் இதைச் சொல்லிப் பொருமினால், மிஸ் கைதட்டுகிறாள்! “ஹொந்தாய்! நல்லது. எல்லாம் அந்தப் பக்கம் வைங்க.” அப்பா இடப்பக்கம் திரும்பிப் பார்க்கப் பழக வேண்டும், அதனால் சாப்பாடும் பேச்சும் அங்கிருந்தே வரட்டும் என்றாள். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், தாங்க முடியவில்லை.

ஒரு நண்பகல். வெளியே மழை இருட்டு. அப்பா அசந்து தூங்கும்போது அவருடைய பிடி தளர்ந்திருந்தது. அதுதான் சமயமென்று ஈரத்துணியால் இடக்கையைத் துடைத்தேன். அந்தக் குளிர்ந்த விரல்கள் மெல்ல, மிக மெல்ல மடங்கி என் விரலைப் பிடித்துக்கொண்டன. அப்பாவின் குறட்டை நிற்கவில்லை. ஐயோ என்று கத்தினேன். அம்மா ஓடி வந்து பிரித்துவிடும்வரை அது விடவில்லை. தசை இறுகத் தொடங்கினால் அப்படித்தான் ஆகும், தாமதிக்கக் கூடாது என்று மிஸ் சொன்னாள். நம்பினேன். ஆனாலும் அந்தக் கையைத் தொட இரண்டு நாள் எனக்குத் தைரியம் வரவில்லை.

பிறகு மிஸ் புதிதாக ஒரு பயிற்சி கொடுத்தாள். அண்ணனைப் பறித்துவிடுவோம் என்று பயப்படுகிறவரிடம், அண்ணனையே தடவிக்கொடுக்கச் சொன்னாள். விரலிலிருந்து தொடங்கி, கண்ணால் பார்த்தபடியே மேலே மேலே போக வேண்டும். அதற்கு அப்பா சம்மதித்தார். முதல் வாரம் மணிக்கட்டோடு நின்றார். அடுத்து முழங்கை. அங்கே வந்ததும் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொள்வார்.

ஒரு காலை கண்ணை மூடவில்லை. முழங்கை தாண்டி, புஜம் தாண்டி, வலக்கை தோளுக்கு ஏறியது. அங்கிருந்து கழுத்துக்கு. தன் கன்னத்தைத் தொட்டதும் நின்றது.

“பாப்பா, இது எங்கிட்ட வந்து முடியுதே.”

“ஆமாப்பா! ஒங்க கைதான்!” இத்தனை நாள் காத்திருந்த சந்தோஷத்தில் கூவியே விட்டேன்.

அப்பா அந்தக் கையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வாய் கோணியது.

“அப்போ அண்ணன நான் விட்டுட்டேனா?”